பழைய உடைப்பில் இரண்டு பேர்

நெடுவாக்குடிக் கண்மாய்க் கரையின் தென்கோடியில் ஒரு சின்ன மடம் இருந்தது. அங்கே குருவான உமையாளுக்கு வயது முப்பத்தெட்டு. சீடர் அடைக்கலத்துக்கு ஐம்பத்து மூன்று.

குரு சீடரை "அண்ணே" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார். இது என்ன முறையடா என்று ஊரில் கேலி பேசாத நாளில்லை. இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அடைக்கலம் லைன்மேனாக இருந்தவர். ஊரில் கரண்ட் போய்விட்டால் கம்பம் கம்பமாக நடப்பார். எங்கோ ஓர் இடத்தில் கம்பத்துப் பீங்கான் விரிசல் விட்டிருக்கும், அல்லது தென்னை மட்டை விழுந்து கம்பி உரசிக்கொண்டிருக்கும். இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் முக்கால் வேலை முடிந்த மாதிரி. எது பழுதானாலும் அப்படித்தான் பழுதாகும், அப்படித்தான் சரியாகும் என்பது முப்பது வருஷமாக அவர் கண்டது.

அவர் மனைவி பூரணம் மட்டும் அப்படிச் சரியாகவில்லை.

பூரணம் ஒரு நாள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தாள். எழுந்தால் சமைப்பாள், மறுபடி படுப்பாள். பதினோரு வருஷத்துக்கு முன்பு ஒரு காலையில் அவளைக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள். எதனால் என்று அன்றைக்குக் கேட்க ஆரம்பித்த அடைக்கலம் இன்னும் நிறுத்தவில்லை. மடத்துக்கு வந்த முதல் நாளும் அதைத்தான் கேட்டார். உமையாள் அவர் கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொடுத்து ஆயச் சொன்னார். அதற்குப் பிறகு நான்கு வருஷம் ஓடிவிட்டது.

அந்த ஐப்பசியில் ஐந்து நாளாக மழை விடவில்லை. ஆறாம் நாள் காலை அடைக்கலத்துக்குப் போன் வந்தது. பேசி முடித்ததும் அவர் அடுப்படிக்கு ஓடிவந்தார்.

"அம்மா, மாப்பிள்ளை பேசுனாரு."

அடைக்கலத்துக்கு ஒரே மகள், செண்பகம். இருபது மைல் தள்ளி டவுனில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

"என்னவாம்?" என்றார் உமையாள்.

"புள்ளையத் தொடமாட்டேங்குறாளாம். சாப்பாடு இல்ல, தூக்கமில்ல. பச்ச ஒடம்புக்காரி, எல்லாருக்கும் இருக்குறதுதான்னு அவ மாமியாரு சொல்லுதாம். நேத்து மாப்பிள்ளைகிட்ட, நானும் எங்கம்மா மாதிரி ஆயிட்டேன்னு சொல்லியிருக்கா. சொல்லிட்டு செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாளாம்."

"இப்ப பக்கத்துல யாரு இருக்கா?"

"மாப்பிள்ளை இருக்காரு. சாயங்காலம் ஆறு மணிக்கு மில்லுக்குப் போகணுமாம். மாமா, நீங்க வந்துருங்கங்கிறாரு."

"வேன் எதுவும் கெடைக்குமான்னு கேட்டீங்களா?"

"தரைப்பாலத்துல தண்ணி போகுது. மூணு மணி பஸ்தான் சுத்திக்கிட்டுப் போகுமாம்."

"அப்ப மூணு மணிக்குக் கெளம்புங்க. அதுவரைக்கும் அவளத் தனியா விட வேண்டாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிருங்க."

அடைக்கலம் அப்போதே போன் போட்டுச் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

"நான் போறதா இல்லம்மா."

உமையாள் நிமிர்ந்து பார்த்தார்.

"போயி என்ன செய்யுறது? பூரணம் பக்கத்துல ரெண்டு வருசம் இருந்தேன். எதனாலன்னு தெரியாம இருந்தேன். அது தெரியாமப் போயி இவ முன்னாடியும் மரம் மாதிரி நிக்கச் சொல்றீங்களா? எதனால வருது இது? அத மட்டும் சொல்லுங்க. இன்னைக்காவது சொல்லுங்க."

உமையாள் அடுப்பை அணைத்தார். மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இன்னைக்கு மடத்துக்குக் கரை முறை. வாங்க."

பெருமழைக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் முறைபோட்டுக் கரையைச் சுற்றிப் பார்ப்பது அந்த ஊர் வழக்கம். அதற்கு மடமும் தப்பாது. அடைக்கலத்துக்குக் கோபம் வந்தது. மகள் அங்கே படுத்துக் கிடக்கிறாள், இந்த அம்மாவுக்குக் கண்மாய் பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்தார். ஆனாலும் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

கண்மாய் நிரம்பி நின்றது. காற்று அலையைக் கொண்டுவந்து கரையில் மோதிக்கொண்டே இருந்தது. இந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குக் கீழே வயல், அதற்கும் கீழே ஊர். இது உடைந்தால் முதலில் போவது கீழத்தெரு.

பாதிக் கரை நடந்ததும் இரண்டு பெண்கள் எதிர்ப்பட்டார்கள். மாமியாரும் மருமகளும். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஓரிடத்திலேயே நின்றார்கள். மற்றவர்கள் நடந்து பார்க்க, இவர்கள் மட்டும் நகரவில்லை. கூட நீர்ப்பாய்ச்சி சூசை இருந்தார். ஊருக்கு மடை திறந்து தண்ணீர் பங்கிடுகிற வேலை அவருடையது.

"இங்க மட்டும் ஏன் ரெண்டு பேரு?" என்றார் அடைக்கலம்.

"இது பழைய உடைப்புங்க," என்றார் சூசை. "ஒன்பது வருசத்துக்கு முந்தி பிச்சுக்கிட்டுப் போச்சு. அதுலருந்து மழைன்னா இந்த எடத்துக்கு ரெட்டைக் காவல்."

"எதனால உடைஞ்சுச்சு?"

"நண்டு," என்றாள் மாமியார்க்காரி. "வளை போட்டுக் கரையச் சல்லடையாத் தொளைச்சு வச்சிருந்துச்சு."

"நண்டா?" என்றாள் மருமகள். "இங்க ஒரு பனைமரத்த வெட்டுனாங்கள்ல? தூரு மக்கி உள்ள பொந்தாயிருச்சுன்னு எங்க மாமா சொன்னாரு."

"மாடு எறங்குன தடம் வேற," என்றார் சூசை. "அந்த வருசம் மடை ஷட்டரும் துருப்பிடிச்சு ஏறல. ரெண்டு நாள்ல கொட்டுன மழை. அன்னைக்குப் பாத்து ஊர்ல எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. கரையில ஈ காக்கா இல்ல."

"இதுல எது?" என்றார் அடைக்கலம்.

"எதுன்னா?"

"ஏதோ ஒண்ணுதானே ஒடைச்சிருக்கும். அது எது?"

சூசை தலையைச் சொறிந்தார். "நண்டுதான்னா, நண்டு வருசா வருசம் இருக்குதே. அதுக்கும் மேல பேஞ்ச மழையெல்லாம் உண்டு, அப்ப நின்னுச்சு. பனந்தூரு வடக்க இன்னும் நாலு கெடக்கு, அங்க ஒண்ணுமாகல. எதச் சொல்றது?"

அடைக்கலத்துக்கு அது பதிலாகப் படவில்லை. உமையாள் மேலும் வடக்கே நடந்தார். இவரும் பின்னால் போனார்.

"என்கிட்டயும் இருக்குதும்மா, சூசை சொன்ன மாதிரி ஒரு பட்டியல்," என்றார் கொஞ்ச தூரம் போனதும். "பூரணத்தோட அம்மாவும் கடைசியில அப்படித்தான் படுத்துச்சு. எங்களுக்கு ரெண்டாவது ஒண்ணு பொறந்து மூணே மாசத்துல போயிருச்சு. அதுக்கடுத்த வருசம் எனக்கு மாத்தல், ஒரு மொகம் தெரியாத ஊரு. அவளுக்குத் தைராய்டு இருந்துருக்கு, யாரும் பாக்கல. நான் குடிச்சேன். அப்பல்லாம் தெனம் குடிச்சேன். இதுல எது? சொல்லுங்க, எது?"

உமையாள் நின்றார். பதில் சொல்வதற்காக இல்லை. கீழே கரைச் சரிவில் புல்லுக்குள் கையைக் காட்டினார்.

கட்டை விரல் பருமனுக்குத் தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. அடைக்கலம் குனிந்து பார்த்தார்.

"கசிவு. மழைக்குக் கசியத்தானேம்மா செய்யும்?"

"நெறத்தப் பாருங்க."

செம்மண் நிறத்தில் வந்தது. தெளிவாக வந்தால் அது வெறும் தண்ணீர், போகட்டும் என்று விடலாம். கலங்கி வந்தால் உள்ளேயிருந்து கரையையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். நான்கு வருஷம் கரையோரம் இருந்தவருக்கு அது தெரியும்.

"வளை உள்ள எங்கயோ இருக்கு!" என்று கத்திக்கொண்டே கரைமேல் ஏறி, அந்தப் பக்கம் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் கரையைத் தடவினார். ஒரு பொந்து அகப்பட்டது. அதில் மண்ணை அடைத்தார். இரண்டு முழம் தள்ளி இன்னொன்று. அதையும் அடைத்தார். அப்புறம் ஒரு வேர், அதை ஒட்டி ஒரு பிளவு. எல்லாம் ஓட்டையாகத்தான் இருந்தது. அலை முகத்தில் அடித்தது. எந்த ஓட்டை அந்தக் கசிவுக்குப் போகிறது என்று மட்டும் தெரியவில்லை. அவர் அழ ஆரம்பித்துவிட்டார். மழையில் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து உமையாளின் குரல் கேட்டது.

"கலங்கல்! பழைய உடைப்புக்கு வடக்க! கலங்கல்!"

மெல்லப் பேசுகிற பெண்மணிக்கு அவ்வளவு பெரிய தொண்டை இருப்பது அன்றுதான் தெரிந்தது. சூசை அதை வாங்கிக் கத்தினார். மாமியாரும் மருமகளும் வாங்கிக் கத்தினார்கள். ஆள் மாற்றி ஆள், சத்தம் ஊருக்குள் இறங்கிப் போனது.

அடைக்கலம் கரையேறித் திரும்பி வந்தார். உமையாள் முதலில் நின்ற இடத்திலேயே நின்றார். மழை புல்லைச் சாய்த்துவிட்டிருந்தது. அவர் கால் அங்கே இல்லையென்றால் கசிவு எந்த இடம் என்று இப்போது யாருக்கும் தெரிந்திருக்காது.

"நீங்க பாட்டுக்கு உள்ள எறங்கிட்டீங்களே," என்று சூசை ஓடிவந்து அடைக்கலத்தைக் கடிந்துகொண்டார். "கலங்கலப் பாத்தவங்க எடத்த விட்டு நகரக் கூடாது. நின்ன எடத்துல இருந்து சத்தம் போடணும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

அதற்குள் கீழத்தெரு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் வைக்கோல் கட்டோடு வந்தார். நான்கு பேர் மணல் மூட்டை சுமந்து வந்தார்கள். கசிகிற இடத்தில் வைக்கோலை மெத்தை மாதிரிப் பரப்பி, அதைச் சுற்றி மூட்டைகளை வட்டமாக அடுக்கினார்கள்.

"மூடலையா?" என்றார் அடைக்கலம் பதறிப்போய். "தண்ணி வருதே!"

"தண்ணி வரட்டுங்க," என்றார் சூசை. "மூடுனா வேற எடத்துல முட்டிக்கிட்டு வரும். தண்ணி வரலாம், மண்ணு வரக் கூடாது. அம்புட்டுதான்."

வைக்கோல் வழியாக வந்த தண்ணீர் வரவரத் தெளிந்தது. சூசை அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். இரண்டு பேரை அங்கே காவல் வைத்தார்.

"அப்ப உள்ள எந்த வளை?" என்றார் அடைக்கலம்.

"யாருக்குத் தெரியும்?"

"தெரியாமலேயே நின்னுருச்சா?"

"கோடையில தண்ணி வடிஞ்சதும் வெட்டிப் பாப்போம். இப்ப அதத் தேடுற நேரமா?" என்றபடி சூசை அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

இரண்டரை மணிக்கு இருவரும் பஸ் நிற்கிற புளியமரத்தடிக்கு வந்தார்கள். அடைக்கலம் ஈரத்தோடு நின்றார். உமையாள் மடத்துக்குப் போய் அவருடைய பையையும் மாற்றுத் துணியையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். போவீர்களா மாட்டீர்களா என்று கேட்கவில்லை.

"நான்தாம்மா காரணம்," என்றார் அடைக்கலம். "என் குடிதான். இத்தனை வருசமா மத்ததெல்லாம் தேடுனது, அது இல்லன்னு ஆகணும்னுதான்."

"உங்க குடியும் ஒரு வளைதாண்ணே. இல்லைன்னு சொல்ல மாட்டேன்," என்றார் உமையாள். "ஒரு வளை."

அடைக்கலம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். உமையாள் அவரை அழ விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "நானும் ஒரு வருசம் செவுத்தப் பாத்துப் படுத்திருந்தவதான்," என்றார்.

அடைக்கலம் துண்டை எடுத்துவிட்டுப் பார்த்தார். நான்கு வருஷத்தில் அவர் கேள்விப்படாத சேதி.

"நீங்களா? எதனால?"

"இன்னும் தெரியல."

"அப்புறம் எப்படி எந்திரிச்சீங்க?"

"எங்கக்கா வந்து பக்கத்துல உக்காந்தா. ஏன் எதுக்குன்னு கேக்கல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. மாத்திரை குடுத்தாங்க. தெனம் ஒரு பொண்ணு பேச வரும். அக்கா எனக்குத் தலை சீவி விடுவா. இதுல எது என்னைய எழுப்புச்சுன்னும் தெரியல."

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. அடைக்கலம் பையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார்.

"அவ அம்மாவுக்கு, அவ பாட்டிக்கு, இப்ப இவளுக்கு. ரத்தத்துலயே இருந்தா நான் என்னம்மா செய்ய முடியும்? உடைஞ்ச எடந்தானே மறுபடி உடையும்?"

"பழைய உடைப்புல இன்னைக்கு எத்தனை பேரு நின்னாங்க?"

அடைக்கலம் திரும்பிக் கண்மாய்க் கரையைப் பார்த்தார்.

"ரெண்டு பேரு," என்றார்.

பஸ் வந்து நின்றது. அவர் பையை எடுத்துக்கொண்டார். படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"போயி என்ன செய்யணும்?"

"நகராதீங்க. சத்தம் போடுங்க. பிரசவம் பாத்த டாக்டரம்மாகிட்ட, மனசு டாக்டர்கிட்ட, அவ மாமியாருகிட்ட, எதிர்வீட்டுக்காரங்ககிட்ட. மாப்பிள்ளை காலையில போட்டதும் சத்தந்தான். நல்ல பையன்."

கண்டக்டர் விசில் ஊதினார். அடைக்கலம் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஜன்னல் தகரத்தைத் தூக்கிவிட்டு, மழை உள்ளே அடிக்க, தலையை வெளியே நீட்டினார்.

"அம்மா! அவ என்கிட்ட கேப்பாம்மா. எனக்கு ஏம்ப்பா இப்படி வந்துச்சுன்னு கேப்பா. அவ அம்மாவும் கேட்டா. நான் என்ன சொல்றது?"

பஸ் நகர ஆரம்பித்திருந்தது. உமையாள் கூடவே நான்கு எட்டு வைத்தார்.

"தண்ணி வடியட்டும் தாயி, கோடையில நாம ரெண்டு பேரும் சேந்து தேடுவோம்னு சொல்லுங்கண்ணே."